புதுசாகக் கடை போடுகிறவர்கள் அகப்பக்கத்தில் சறுக்கும் இடங்கள்

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். கல்யாண மேடை அலங்காரம், அழைப்பிதழ் வடிவமைப்பு என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். அகப்பக்கம் அழகாகத்தான் இருந்தது.

"டொமேன் யார் பேர்ல இருக்கு தம்பி?" என்று கேட்டேன். டொமேன் என்றால் அகப்பக்கத்தின் முகவரிப் பெயர்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "செஞ்சு குடுத்தவரு பேர்லதான் இருக்கும்ணே."

எழுத்துப்பிழை, மங்கல் படம் எல்லாம் அவர்களுக்கே தெரியும். டொமேன் அடுத்தவர் பேரில் இருப்பதும் சறுக்கல்தான் என்பது தெரியவில்லை.

## பெயரை அடுத்தவர் கையில் விடுவது

2009இல் நானும் இதையேதான் செய்தேன். தெரிந்த பையன் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) எல்லாம் முடித்துக் கொடுத்தான். டொமேனைத் தன் மின்னஞ்சலில், தன் கார்டில் பதிந்தான். கெட்ட எண்ணம் இல்லை, அவனுக்கு அது சுலபம். அப்புறம் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டான். கார்டு காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் அவன் திறக்காத பழைய மின்னஞ்சலில் குவிந்து கிடந்தன. தை மாதம், கல்யாண நேரம், தோட்டத்து அங்கிள் ஒருவர் போன் போட்டு, "உன் பக்கத்தைத் திறந்தா என்னமோ விளம்பரம் வருதே" என்றார்.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றே பறிபோவதில்லை. பெரும்பாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். நீக்கப்பட்ட பின்னும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குத் தண்டம் தனி. பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தார்கள். திருப்பித் தர 4,000 வெள்ளி கேட்டார்கள். பெயரட்டை 1,000 குப்பைக்குப் போனது. வேன் கதவில் எழுதியதைச் சுரண்டினேன். மழை பெய்தால் அந்தப் பழைய முகவரி இன்னும் தெரியும், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

பதிவுக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். செய்து தருபவருக்குப் பக்கத்தைத் திருத்தும் அனுமதி மட்டும் போதும். மலேசியாவுக்கான டாட் காம் டாட் எம்ஒய் பெயர் வாங்க எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு கேட்பார்கள், அந்தத் தொல்லை நல்லதுதான். ஏற்கெனவே அவர் பெயரில் இருக்கிறதா? சரி, இன்றைக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள், பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்போதே.

## கேமரா படத்தை அப்படியே ஏற்றுவது

ஒரு படம் 8 எம்பி என்றால் 40 படம் 320 எம்பி. செம்பனைக்கு நடுவே, கோயில் வாசலில் மட்டும் லைன் கிடைக்கிற தோட்டத்தில் நின்றுகொண்டு கல்யாணப் பெண்ணின் அம்மா அதைத் திறக்கப் பார்க்கிறார். அகலம் 1,600 பிக்சல் தாராளம், 300 கேபிக்குள் சுருக்குங்கள்.

## சுழலும் லோகோ

வேண்டாம். என்னுடையது ஃபிளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளில் சுழன்றது, ஐபோனில் ஒரு நாளும் திறக்கவில்லை.

## பின்னணியில் நாதஸ்வரம்

வேண்டவே வேண்டாம்.

## தொடர்புப் படிவம்

வாட்ஸ்அப் எண்ணை மேலேயே போடுங்கள். படிவத்தை நிரப்பி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரே ஒருவர்தான் எழுதியிருக்கிறார். அவரும் ஆல்பம் அட்டை விற்பவர்.