பிக், பிக்கர், பிக்கஸ்ட்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசுவது எப்படி?

"ஆனைமுடி உயரமானது." "தொட்டபெட்டாவைவிட ஆனைமுடி உயரமானது." இரண்டு வாக்கியத்திலும் 'உயரமானது' அப்படியே இருக்கிறது. ஒப்பிடும் வேலை முழுவதையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசும்போது "ஆனைமுடி இஸ் ஹை தேன் தொட்டபெட்டா" என்று சொல்லிவிடுகிறோம். 'தேன்' வந்துவிட்டது, ஆனால் 'ஹை' மாறவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் வேலை உண்டு: சொல்லும் மாற வேண்டும், 'தேன்' என்பதும் வர வேண்டும். நம் ஆட்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் நடக்கின்றன.

படி 1: எத்தனை பேரை ஒப்பிடுகிறீர்கள்?

இரண்டு என்றால் சொல்லின் கடைசியில் ஈ, ஆர் சேர்த்து, பின்னால் 'தேன்' போடுங்கள். ஒரு கூட்டத்திலேயே முதலிடம் என்றால் முன்னால் 'தி', கடைசியில் ஈ, எஸ், டி. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். எனவே:

ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.
தொட்டபெட்டா இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு.
ஆனைமுடி இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.

இரண்டு மலைக்கும் எப்படி 'ஹையஸ்ட்' வந்தது? தமிழ்நாட்டு எல்லைக்குள் தொட்டபெட்டாவை அடிக்க ஆளில்லை. ஆனைமுடி இருக்கும் கேரளாவையும் சேர்த்துவிட்டால் அதன் பட்டம் போய்விடும். அதனால் 'எஸ்ட்' போடும்போது எதற்குள் முதலிடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஊர், நாடு, வகுப்பு என்றால் 'இன்'. எண்ணிச் சொல்லும் கூட்டம் என்றால் 'ஆஃப்': ஆஃப் தி த்ரீ.

எழுதும்போது இன்னொன்று. ஒப்பிட வரும் 'தேன்' என்பதில் ஏ வரும். ஈ போட்டால் 'அப்புறம்' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும்.

படி 2: சொல்லின் நீளத்தைப் பாருங்கள்

சொல்லை வாய்விட்டுச் சொல்லி, எத்தனை துண்டாக விழுகிறது என்று கவனியுங்கள். ஒரே துண்டு என்றால் ஈஆர், ஈஎஸ்டி: ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட். மூன்றும் அதற்கு மேலும் என்றால் சொல்லைத் தொடாமல் முன்னால் மோர், மோஸ்ட்: மோர் எக்ஸ்பென்சிவ், தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ்.

இரண்டு துண்டுச் சொற்கள்தான் கொஞ்சம் தகராறு. ஒய்யில் முடிந்தால் ஒய் போய் ஐ வரும்: ஹேப்பி, ஹேப்பியர், ஹேப்பியஸ்ட். கேர்ஃபுல், ஃபேமஸ், மாடர்ன் எல்லாம் மோர் வாங்கும். சிம்பிள், கிளெவர் போன்றவை இரண்டு விதமாகவும் வரும். ஒய்யில் முடியாத இரண்டு துண்டுச் சொல்லில் சந்தேகம் வந்தால் 'மோர்' போட்டுவிடுங்கள் என்பேன், பெரும்பாலும் தப்பாகாது.

எழுத்துக்கூட்டலில் ஒரு நுணுக்கம். 'பிக்' என்பது பி, ஐ, ஜி. கடைசியில் ஒரே மெய், அதற்கு முன் ஒரே உயிர். இப்படி இருந்தால் கடைசி எழுத்து இரட்டிக்கும், அதனால் பிக்கர் எழுதும்போது இரண்டு ஜி. ஹாட், தின் இரண்டும் இதே ரகம். 'கூல்' என்பதில் ஓ இரண்டு இருப்பதால் எல் இரட்டிக்காது. லார்ஜ் மாதிரி ஈயில் முடியும் சொல்லுக்கு ஆர் மட்டும் போதும்.

படி 3: அடங்காதவற்றை மனப்பாடம் செய்யுங்கள்

குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். மச் அல்லது மெனி, மோர், மோஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். வேறு வழியில்லை.

'மோர் பெட்டர்' வேண்டாம். பெட்டருக்குள்ளேயே மோர் இருக்கிறது.

படி 4: 'ரொம்ப' சேர்க்கும் இடம்

"இது ரொம்ப நல்லது", "அதைவிட இது ரொம்ப நல்லது" என்று நாம் இரண்டுக்கும் 'ரொம்ப' போடுவோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு வெரி குட், இரண்டாவதற்கு மச் பெட்டர். 'வெரி பெட்டர்' கிடையாது. கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் 'எ லிட்டில் பெட்டர்'.

படி 5: கால் இடறும் இடங்கள்

சீனியர், ஜூனியர் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை, 'தேன்' வாங்காது. ஷி இஸ் சீனியர் டு மீ. அண்ணனை 'மை எல்டர் பிரதர்' எனலாம், ஆனால் 'எல்டர் தேன் மீ' எனக் கூடாது, 'ஓல்டர் தேன் மீ' என்பதே சரி.

'ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட்' என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மை: சிட்டிஸ், சிட்டி அல்ல.

மக்கள்தொகையை மக்கள்தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்: தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் தட் ஆஃப் மதுரை. 'தட் ஆஃப்' விட்டுப்போனால் மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். பேச்சில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தேர்வில் மதிப்பெண் போகும்.

பள்ளியில் 'டிகிரிஸ் ஆஃப் கம்பேரிசன்' என்று மாற்றி எழுதச் சொல்வார்களே, அதில் ஆனைமுடி இப்படி வரும்:

ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா.
நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி.

'அதர்' முக்கியம். அதை விட்டால் ஆனைமுடி தன்னையும்விட உயரம் என்றாகிவிடும்! 'ஆஸ்... ஆஸ்' நடுவில் சொல் மாறாது என்பதையும் பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் முறை. தக்காளி கிலோ 30 ரூபாய், பெரிய வெங்காயம் 40, சின்ன வெங்காயம் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். சீப், எக்ஸ்பென்சிவ் இரண்டையும் வைத்து வாக்கியம் எழுதிவிட்டு, கீழே சரிபாருங்கள்.

டொமேட்டோஸ் ஆர் சீப்பர் தேன் பிக் ஆனியன்ஸ்.
ஸ்மால் ஆனியன்ஸ் ஆர் மச் மோர் எக்ஸ்பென்சிவ் தேன் டொமேட்டோஸ்.
ஸ்மால் ஆனியன்ஸ் ஆர் தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ் ஆஃப் தி த்ரீ.