வீடு கேட்டு வீதிக்கு இறங்க முன்: யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்கு ஒரு செய்முறை

வீட்டுத்திட்டம் ஒன்று வரும்போதெல்லாம் ஊரில் அதே குடும்பங்கள்தான் விடுபட்டுப்போகின்றன. இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா கிடைத்தது. அதைப் பெறுவதற்கு முதலில் காணி இருக்கவேண்டும், காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கவேண்டும். அயலாரின் வளவில் கொட்டில் போட்டிருப்பவர், கோயில் காணியில் வாய்ச்சொல்லில் இருப்பவர், வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் இடம்பெயர்ந்து இன்னும் வாடகைக்கு இருப்பவர் எவருக்கும் விண்ணப்பப் படிவமே கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் வீடு கேட்பது முக்கால்வாசி காணி கேட்பதுதான். இதை விளங்காமல் 'எமக்கு வீடு வேண்டும்' என்று பதாகை பிடித்தால், 'காணி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும்.

ஆகவே வேலை பதாகையில் தொடங்குவதில்லை, ஒரு சி.ஆர். கொப்பியில், அதாவது தடித்த அட்டைக் குறிப்பேட்டில் தொடங்குகிறது.

பதிவேடு

இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு போனால் கூலிவேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருப்பார்கள். தொழிலுக்குப் போகும் கடற்கரைக் குடும்பங்களை முற்பகலில் பாருங்கள். ஒரு பின்னேரத்துக்கு எட்டுப் பத்து வீடுகளுக்கு மேல் பார்க்க முடியாது. அறுபது குடும்பம் என்றால் ஒரு கிழமை.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். குடும்பத் தலைவர், ஆட்களின் எண்ணிக்கை, எந்த ஆண்டில் இருந்து இங்கே இருக்கிறார்கள், காணி யாருடையது, கையில் என்ன கடதாசி இருக்கிறது, வாக்காளர் பதிவு எந்தக் கிராம அலுவலர் பிரிவில் உள்ளது, முன்பு எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்கள், என்ன பதில் வந்தது. கடைசிக் கேள்வி மிக முக்கியம். 'புள்ளி காணாது' என்று சொன்னார்களா, 'பெயர் பட்டியலில் இல்லை' என்றார்களா, பதிலே வரவில்லையா என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். ஒரே பதில் இருபது வீட்டுக்கு வந்திருந்தால் கோரிக்கையை எங்கே வைக்கவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பாதியில் நிற்கும் வீடுகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். தேசிய வீடமைப்பு அதிகார சபையின் திட்டங்களில் 2018, 2019இல் அத்திவாரம் போட்ட பல வீடுகள் 2019 நவம்பரில் ஆட்சி மாறிய பிறகு மீதித் தவணை வராமல் நின்றன. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. இவர்கள் கேட்கவேண்டியது புதுவீடு அல்ல. நிலுவைத் தவணையும் விலையேற்றத்துக்கான திருத்தமும். இரண்டு கூட்டத்தையும் ஒரே மகஜரில் (கோரிக்கை மனுவில்) போட்டுக் குழப்பினால் அலுவலகம் எது இலேசோ அதற்கு மட்டும் பதில் எழுதும்.

பத்து ஆண்டு இருந்துவிட்டால் காணி தமக்குத்தான் என்று பலர் நம்பியிருப்பார்கள். அரச காணிக்கு அந்த ஆட்சியுரிமை செல்லாது. தனியார் காணியிலும் உரிமையாளரின் சம்மதத்தோடு இருந்த காலம் கணக்கில் வராது. இதைப் பதிவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் ஒருவர் தவறாகச் சொல்லி, மறுநாள் காணிக்காரர் எழும்பச் சொல்லி வழக்குப் போட்டால் போராட்டம் அங்கேயே குழம்பும்.

இந்தக் கொப்பி ஒருவரின் வீட்டில் இருக்கட்டும், ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் நுண்கடன் கொம்பனிக்காரர் கையிலோ, சிவில் உடுப்பில் வருபவர் கையிலோ போய்ச் சேர வேறு வழியே தேவையில்லை.

கோரிக்கையை எண்ணாக்குதல்

'காணியற்றோருக்குக் காணி' என்பது கோஷம். மகஜருக்கு அது போதாது. பதிவேட்டில் காணியில்லாத குடும்பம் 60 என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 2 பரப்பு என்றால் 120 பரப்பு. பாதை, கிணறு, வாய்க்காலுக்குக் கால்வாசி சேர்த்தால் 150 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆக ஒன்பதரை ஏக்கர் போதும். இவ்வளவு சிறிய தொகை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், பிரதேச செயலாளருக்கும்தான். அந்த அளவு அரச காணி பிரிவில் எங்கே கிடக்கிறது என்பதை அடுத்ததாகத் தேடுங்கள். இரண்டு பரப்புக்குக் கீழே இறங்காதீர்கள்: சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் நெருங்கினால் தண்ணீர் கெடும். காணி தந்தார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை என்று திரும்பவும் வீதிக்கு வரவேண்டியிருக்கும். குழாய்நீரோ பொதுக்கிணறோ அதே மகஜரில் இருக்கட்டும்.

எண் பேசும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி உண்டு. 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் 2016இல் பெரிய சர்ச்சையானது. ஒரு வீட்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள். அதே காலத்தில் கல்வீடு ஒன்றுக்கு 8 லட்சம் அளவில் கொடுக்கப்பட்டது. 'பிடிக்கவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தால் நன்றி கெட்ட சனம் என்று முடித்திருப்பார்கள். வெக்கை தாங்காது, அத்திவாரம் போதாது, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது, உள்ளூர் மேசனுக்கு வேலை இல்லை என்று ஒவ்வொன்றாகப் பொறியியலாளர்களோடு சேர்ந்து அடுக்கியபோதுதான் பதில் சொல்லவேண்டி வந்தது.

தகவல் கேட்டல்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல கருவி. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை' என்று கேட்காதீர்கள், அது அபிப்பிராயம். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தக் கிராம அலுவலர் பிரிவில் கடைசி மூன்று ஆண்டில் வீட்டுக்கு விண்ணப்பித்தோர் எத்தனை, தெரிவுக்கான புள்ளித்திட்டத்தின் பிரதி, ஒதுக்கிய நிதி எவ்வளவு, விடுவித்த நிதி எவ்வளவு, பிரிவிலுள்ள அரச காணிகளின் பட்டியல். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எல்லாமாகச் சில மாதம் இழுக்கும். ஆகவே பதிவேடு எடுக்கும் கிழமையிலேயே கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.

மகஜரும் அப்படித்தான். கிராம அலுவலர், பிரதேச செயலர், அரசாங்க அதிபர், மாகாணக் காணி ஆணையாளர் என்று நால்வருக்கும் பிரதி. கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால். 'தந்தனாங்கள்' என்ற சொல்லுக்குக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பெறுமதி இல்லை.

யார் கூப்பிடுவது

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஊரில் இருக்கின்றன. அவற்றின் பெயரில் கூப்பிடுவது நல்லது, கடிதத்தலைப்பும் பதிவிலக்கமும் இருக்கும். ஆனால் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள். காணியில்லாதவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகத்தவர் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அங்கே குடியேற்றினால் ஊர் பழுதாகும்' என்ற எதிர்ப்பு பிரதேச செயலகத்துக்கு முந்தியே போய்ச் சேரும். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராக ஊர்வலம் போன மண் இது. கதை இன்னும் முடியவில்லை. சங்கம் மழுப்பினால், பாதிக்கப்பட்ட குடும்பங்களே ஏழு பேரைத் தெரிந்து ஒரு குழுவாக நின்று கூப்பிடட்டும். அந்த ஏழில் நாலு பேர் பெண்களாக இருந்தால் குழு நிலைக்கும்.

முதற் கூட்டத்திலேயே ஒரு விசயத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: காணி கொஞ்சமாக வந்தால் யாருக்கு முதலில்? வெள்ளம் ஏறும் கொட்டில், மாற்றுத்திறனாளி உள்ள வீடு, எழும்பச் சொல்லிய வீடு என்று ஒழுங்கு போடுங்கள். இதைச் செய்யாத இடங்களில் ஐந்து குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு ஐம்பத்தைந்தைப் பிரித்துவிடுவது மிக இலேசான வேலை.

காசு: குடும்பத்துக்கு நூறோ இருநூறோ, பற்றுச்சீட்டோடு. வெளிநாட்டிலிருந்து வருவதைக் கிணற்றுக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் வைத்துக்கொள்ளலாம், போராட்டச் செலவுக்கு வேண்டாம். அனுப்புபவர் அங்கிருந்து நிகழ்ச்சி நிரல் எழுதத் தொடங்கிவிடுவார்.

அந்த நாள்

திகதி தெரிவதில் ஊர்க்கணக்கு வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் மழை. சித்திரை வெயிலில் பத்தரைக்குப் பிறகு வயதானவர்கள் நிற்கமாட்டார்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் நடக்கும் நாள் நல்லது: அமைச்சர், எம்பிமார், அரசாங்க அதிபர் எல்லாரும் கச்சேரிக்கு வந்தாகவேண்டும். காலை எட்டரைக்கு நில்லுங்கள், ஒன்பதரைக்கு மகஜர், பதினொன்றுக்குக் கலையுங்கள்.

ஊர்வலம் என்றால், தொடங்கும் இடத்துக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆகக்குறைந்தது 6 மணித்தியாலம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்கிறது பொலிஸ் கட்டளைச் சட்டம். முதல்நாள் காலையிலேயே இரண்டு பிரதியோடு போய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். அது அறிவித்தல், அனுமதி கேட்கும் கடிதம் அல்ல; 'அனுமதி தருமாறு' என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதிப்பத்திரம் தேவை. கிடைக்காவிட்டால் கோஷம் போதும்.

முதல்நாள் இரவு நீதவானின் தடையுத்தரவோடு பொலிஸ் படலைக்கு வரலாம். பெரும்பாலும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. பதறாமல் வாசியுங்கள்: யார் யாரின் பெயர், எந்த இடம், எத்தனை நாள். வழமையாக 14 நாளுக்கு மேல் அது நிற்காது. மீறாதீர்கள், சட்டத்தரணி மூலம் அதே நீதிமன்றில் நீக்கவோ திருத்தவோ கேளுங்கள். இதற்காகவே சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே கதைத்து வைக்கவேண்டும், இரவு பத்து மணிக்குத் தேடக்கூடாது.

80 பேர் இரண்டரை மணித்தியாலம் நிற்க 20 லீற்றர் தண்ணீர்க் கலன் நாலு, 20 அடிக்கு 30 அடித் தறப்பாள் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை இருபது. பதாகை 10 அடிக்கு 3 அடி. ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம், எழுத்து அரையடி உயரம் இருந்தால்தான் வீதியின் மறுபக்கம் இருந்து வாசிக்கலாம். சிங்களத்திலும் ஒன்று பிடியுங்கள், கொழும்பு ஊடகத்துக்கு அதுதான் படம். மொழிபெயர்ப்பைச் சிங்களம் எழுதத் தெரிந்தவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பிரிஸ்டல் போர்ட் மட்டைகளைத் தடியில் கட்டவேண்டாம், கையில் பிடிக்கட்டும். தள்ளுமுள்ளு வந்தால் தடிதான் பிறகு வழக்கில் ஆயுதமாகும்.

பொலிசோடு கதைக்க ஒருவர், ஊடகத்தோடு கதைக்க ஒருவர், மகஜர் கொடுக்க மூவர். வேறு எவரும் பேட்டி கொடுப்பதில்லை. அரசியல்வாதி வருவார், வரட்டும்; வரிசையில் நிற்கலாம், ஒலிவாங்கி இல்லை. இதை அவருக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை.

படம் எடுக்கும் புலனாய்வாளரோடு வாக்குவாதப்படாதீர்கள். பிறகு வீட்டுக்கு வந்தால் பெயர், அலுவலகம், நேரம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். படலையில் தனியே நின்று பதில் சொல்லவேண்டாம், அயலவரைக் கூப்பிடுங்கள். தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யுங்கள். உயர்நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு போடவும் ஒரு மாதம்தான் எல்லை. ஆணைக்குழுவில் உரிய காலத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

தொடர்ந்து இருப்பதென்றால்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி இறுதியில் போராட்டம் தொடங்கிய பெண்கள், விமானப்படை பிடித்திருந்த தமது காணி மார்ச் தொடக்கத்தில் விடுபடும்வரை விமானப்படை முகாம் வாசலில் இரவுபகலாக இருந்தார்கள். தமது காணி எது என்று அவர்களுக்கு வேலிவரைக்கும் தெரியும். அதைப் பார்த்து எல்லாரும் பந்தல் போடுவது சரிவராது. பகலில் இரண்டு முறைக்கு எட்டெட்டுப் பேர், இரவில் ஆறு பேர் என்றால் நாளுக்கு 22 ஆள். ஒருவர் கிழமைக்கு இரண்டு தரம் வரலாம் என்றால் 77 பேர் தேவை. அவ்வளவு பெயர் எழுத முடியாவிட்டால் தொடங்கவேண்டாம். ஒன்பதாம் நாள் மூன்று கிழவிகள் மட்டும் இருக்கும் பந்தல் கோரிக்கையையே இளைக்கச் செய்யும். கிழமைக்கு ஒருநாள், அதே இடம், அதே நேரம் என்று நிற்பது அறுபது குடும்பத்துக்குத் தாங்கும்.

மகஜரை வாங்கிய அதிகாரி 'இரண்டு கிழமையில் பார்ப்பம்' என்பார். அந்த இடத்திலேயே ஒரு தாளில் திகதி, சொன்ன விடயம், யார் செய்வார் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். போடமாட்டேன் என்றால் அன்று பின்னேரமே 'தாங்கள் இன்று கூறியபடி' என்று தொடங்கும் கடிதமாக அதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதுவே உங்கள் ஆதாரம். பதினைந்தாம் நாள் காலையில் இரண்டு பேர் போய்க் கேட்கவேண்டும். யார் போவது என்பதைக் கலைய முன்பே பெயர் சொல்லி முடிவெடுங்கள்.

பதாகையில் திகதி அச்சிடாதீர்கள். மடித்து, உரப்பையில் போட்டு, எலி போகாத இடத்தில் வையுங்கள்.