காற்றோடு வரும் மழையும் கூரை ஒழுகலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேராகப் பெய்யும் மழையில் ஒரு சொட்டும் இறங்காத வீடு, கார்த்திகை மாதத்து வாடைக்காற்று சுழன்றடிக்கும் இரவில் ஒழுகத் தொடங்கினால், பெரும்பாலோர் மொட்டை மாடித் தரையையே குறை சொல்கிறார்கள். தரை முழுவதும் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிக்கப்படுகிறது, பணம் கரைகிறது, அடுத்த புயலில் அதே இடத்தில் மீண்டும் சொட்டுகிறது. தரையில் கோளாறு இருந்தால் எந்தக் கனமழையிலும் வீடு ஒழுகும். காற்று அடிக்கும்போது மட்டும் ஒழுகுகிறதென்றால், நீர் நுழையும் வழியைக் கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறையின் சுவர், கதவு ஜன்னல்களின் விளிம்பு, குழாய்க்காக இடப்பட்ட துளை ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும்.

காற்றின் விசையைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு பரப்பின் மீது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயர நீருக்கு ஈடான அழுத்தத்தைத் தருகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலின் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அத்தகைய காற்றில் நீர் ஒரு விரிசலுக்குள் நாலரை சென்டிமீட்டருக்கு மேல் எதிர்த்து ஏறக்கூடும். சாதாரண மழைக்குப் போதுமான கதவுநிலைப் படி உயரமும் ஷீட்டுகளின் மேல்படிவும் (ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) புயலில் தோற்பதற்கு இதுவே காரணம்.

நம் கான்கிரீட் வீடுகளில் மிகுதியாகக் கவனிக்கப்படாத இடம் கைப்பிடிச் சுவர். அதன் உச்சியிலும் வெளிப்பூச்சிலும் உள்ள மயிரிழை வெடிப்புகளின் வழியே நுழையும் நீர், செங்கல்லுக்குள்ளேயே இறங்கி, மாடித் தரையில் இடப்படும் சுருக்கிக்கும் (சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவை) அதன் மேல் பதிக்கும் தட்டோட்டுக்கும் அடியில் தளத்தைச் சென்றடைகிறது. மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் நீர் அதற்குக் கீழே புகுந்துவிடுவதால் அந்த வேலை வீண். நீர்த்தடுப்புப் பூச்சைத் தரையின் ஓரத்தோடு நிறுத்திவிடாமல், தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக நிரப்பி, சுவரின் மீது குறைந்தது 15 சென்டிமீட்டர் வரை ஏற்ற வேண்டும். சுவரின் உச்சிக்கு மாடியின் உட்புறமாகச் சரிவு கொடுக்க வேண்டும். வெடிப்பின் மேல் வெள்ளை சிமென்ட்டைத் தடவுவதால் பயனில்லை. வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது அது மீண்டும் திறந்துகொள்ளும். வெடிப்பை அகலமாகக் கீறி, தூசி நீக்கி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்புவதே நிலைக்கும். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்குப் பல இடங்களில் வெளிப்பூச்சே இருப்பதில்லை என்பதையும் இங்கே வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடுவதும் தவறு. தளத்துக்குள் புதைந்த மின்குழாய் வழியே நீர் நெடுந்தூரம் ஓடி, மின்விசிறிக் கொக்கியருகே வெளிவருவது சாதாரணம். அவ்வாறு சொட்டினால் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பதுதான். பிறகு, காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் சொட்டியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாமல் கொத்தனாரை அழைத்தால் அவரும் ஊகித்தே வேலை செய்வார்.

மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், வடிகுழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேக்கி ஒரு நாளாவது வைத்துப் பார்க்கலாம். மரச்சட்டங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் தளங்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. நீர் தேங்கியும் கீழே ஓதம் (ஈரக்கசிவு) தோன்றவில்லையென்றால், ஐயம் சுவரின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஹோஸை எடுத்து உச்சியிலிருந்து நனைக்கத் தொடங்கினால் எல்லா விரிசல்களும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்பது தெரியாமல் போகும். கீழிருந்து மேலாக, ஒவ்வோர் உயரத்திலும் அரை மணி நேரம் நிறுத்தி நனைக்க, வீட்டுக்குள் இன்னொருவர் நின்று கவனிக்க வேண்டும். செங்கல் மெதுவாகவே நீரை விடும் என்பதால் அவசரம் இங்கே உதவாது.

ஷீட் கூரையில் போல்ட்டையும் ஸ்க்ரூவையும் நீர் ஓடும் பள்ளத்தில் இறக்கக் கூடாது; மேட்டில்தான் இறக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழியும். மேல்வரிசை கீழ்வரிசையின் மீது 15 சென்டிமீட்டராவது படிய வேண்டும். பக்கவாட்டு மேல்படிவின் திறந்த விளிம்பு, கடுங்காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும்.

கண்ணில் பட்ட இடைவெளியையெல்லாம் சிலிக்கான் கொண்டு அடைப்பதும் தீங்கு செய்யும். நகரும் அலுமினிய ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் உள்ள சிறு துளைகள் நீர் வெளியேறுவதற்காகவே விடப்பட்டவை. அவற்றை மூடினால் தேங்கிய நீரைக் காற்று அறைக்குள் தள்ளிவிடும். ஏசி குழாய்க்கான துளையை வெளிப்புறம் தாழ்ந்திருக்குமாறு இடுவதும், சன்ஷேடின் அடியில் விளிம்பையொட்டி, நீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிட ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுப்பதும் கட்டும்போதே செய்தால் செலவே இல்லை.

ஈரம் உலராத சுவரில் உட்புறம் பெயின்ட் அடிப்பது ஓதத்தை மறைக்குமே தவிர நிறுத்தாது. சில வாரங்களில் பெயின்ட் கொப்பளித்து உரியும். இவ்வேலைகளுக்குச் சித்திரை முதல் ஆடி வரையிலான காலம் வடகடலோர மாவட்டங்களுக்கு ஏற்றது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் கன்னியாகுமரி, நீலகிரிப் பகுதியினர் மேற்குச் சுவரை மாசி, பங்குனியிலேயே முடித்துவிட வேண்டும்.