மரம் கழிக்கும் தொழில்: முதல் கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது?

வீட்டு வேம்பில் கிளை கழிப்பது, கூரை மேல் சாய்ந்த மாங்கிளையை இறக்குவது, பட்டுப்போன தென்னையை எடுப்பது. மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் குழுவுக்கு முதலில் வருவது பெரும்பாலும் இந்த வேலைகள்தான். புதியவர்கள் கையிலிருக்கும் பணத்தை மரம் அறுக்கும் மிஷினில் (செயின் சா) போட்டுவிட்டு மிச்சத்தில் கயிறு வாங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

படி 1: உடம்புக்கு

தாடைப் பட்டி உள்ள, ஐ.எஸ். 2925 முத்திரையுள்ள ஹெல்மெட் ஆளுக்கு ஒன்று. மிஷின் பிடிப்பவருக்கு முகவலையும் காது மூடியும் கூடுதலாக வேண்டும். ஏறுபவருக்கு ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள முழு உடல் பெல்ட் வாங்குங்கள். அதில் இடுப்பின் இருபுறமும் டி வளையம் (D வடிவ இரும்பு வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ள கட்டட வேலை பெல்ட் விழுந்தால் பிடிக்கும், ஆனால் மரத்தில் சாய்ந்து நின்று அறுக்க உதவாது. செயின் சா கால்சட்டை அவசியம். அதன் உள்ளடுக்கு நார்கள் செயினில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். ஜீன்ஸ் அதைச் செய்யாது.

படி 2: கயிறு

ஆள் ஏற ஒன்று, கிளை இறக்க ஒன்று என இரண்டு கயிறு வேண்டும், இரண்டும் வேறு நிறத்தில். ஏறும் கயிற்றில் கிளை இறக்கவே கூடாது. வெளியே தெரியாத நார் அறுந்திருந்தால் அடுத்த நாள் அதில் தொங்கப்போவது ஆள்.

இறக்கும் கயிற்றுக்கு 12 மி.மீ. நைலான் போதும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்துவிடும், மரத்தில் உரசினால் சூட்டில் உருகும். அது கிளைகளைக் கட்டி வண்டியில் ஏற்ற மட்டும்.

இங்கே ஒரு கணக்கு. ஓரடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை சுமார் 200 கிலோ வரும். புது 12 மி.மீ. நைலான் அறுபடும் எடை கிட்டத்தட்ட 3,000 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கான 300 கிலோவைத்தான் வேலைக்கான அளவாகக் கொள்ள வேண்டும். முடிச்சு போட்ட இடத்தில் பலம் மேலும் குறையும். கட்டை ஆறடி விழுந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் சுமை அதன் எடையைப் போலப் பல மடங்காகும். ஆகவே கட்டையை நான்கடித் துண்டாக்கி, கீழே அடிமரத்தில் கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றி, மெதுவாக விடுங்கள். கையில் சுற்றிப் பிடிக்கவே வேண்டாம்.

படி 3: அறுக்க

மரத்தின் மேலே நாலு அங்குலம் வரையுள்ள கிளைகளுக்கு வளைந்த கை ரம்பமே சிறந்தது. இழுக்கும்போது அறுக்கும் பல் உள்ளதாக வாங்குங்கள்.

தரையில் அறுக்க 30 முதல் 35 சி.சி., 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு) உள்ள மிஷின். பலர் 58 சி.சி., 22 அங்குல பார் மிஷினைத்தான் முதலில் வாங்குகிறார்கள். எண்ணெய் நிரப்பினால் 7 கிலோ தாண்டும். கை சோர்ந்ததும் பார் நுனியின் மேல்பகுதி எதிலாவது இடித்து, மிஷின் முகத்தை நோக்கி எகிறும். நீண்ட பாரில் நுனி கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

வாங்கும்போதே செயினின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்), லிங்க் (அந்தக் கண்ணிகளின்) எண்ணிக்கை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று மாறினாலும் புதுச் செயின் பொருந்தாது. பல் தீட்டும் அரமும் பிட்சைப் பொறுத்ததே. சிறிய மிஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., .325 செயினுக்கு 4.8 மி.மீ. மரச்சீவலுக்குப் பதில் மாவு போலக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. மண் ஒட்டிய அடித்தென்னையை அறுத்தால் சில நிமிடத்திலேயே அப்படி ஆகும். ஆகவே செயின் மூன்று வைத்திருங்கள்.

எரிபொருள் 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்). தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், எனவே கலவையை வாரக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள்.

செயின் ஆயிலுக்குப் பதிலாகக் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றினால் துளை அடைத்து பார் கருகும். சோதிக்க, பார் நுனியை ஒரு வெளிர் அட்டைக்கு அரை அடி மேலே பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

படி 4: வாங்காமல் சமாளிக்க

டாடா ஏஸ் வாடகைக்கே எடுங்கள். கூன்வண்டு துளைத்த தென்னையில் ஏறாதீர்கள், தண்டு உள்ளே கூடாக இருக்கும். அதற்கு கிரேன் வாடகையைச் சேர்த்து விலை சொல்லுங்கள். உயிருள்ள மரத்தில் கிளை கழிக்கக் காலில் முள் கொக்கி கட்டி ஏறினால் பட்டை காயப்பட்டு அழுகல் நுழையும், அதை வாங்க வேண்டாம். மின்கம்பி அருகே அலுமினியத் தொரட்டி கொண்டுபோகவே கூடாது. பச்சைக் கிளையும் ஈர மூங்கிலும்கூட மின்சாரம் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி, அவர்கள் ஆளே வந்து லைனை நிறுத்திய பிறகு ஏறுங்கள். கிளைகளைத் தூளாக்கும் மிஷின், வாரத்தில் பாதி நாள் அதற்கு வேலை இருந்தால் மட்டும்.