மூன்றாம் நாள் ஊசி வேண்டாம்: நாயின் காலில் நரம்புப் பரிசோதனை

பைக் மோதிய ஒரு செவலை நாட்டு நாய். இடது முன்னங்கால் தொங்கிப்போய், பாதத்தின் மேல்புறம் தரையில் தேயத் தேய வந்தது. மூன்றாம் நாளே ஈ.எம்.ஜி. செய்தேன்; தசையில் ஊசி வைத்து அதன் மின்னோட்டத்தை ஸ்பீக்கரில் கேட்கும் சோதனை அது. தசைகளில் ஒரு சத்தமும் இல்லை. "நரம்பு நல்லாத்தான் இருக்கும்மா, நடந்துடும்" என்று வளர்த்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி ஊசி வைத்தபோது மேற்காலின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் முழுக்கக் கடுகு பொரிவதுபோல் சத்தம், நரம்பு அறுந்ததன் அடையாளம். அதற்குள் பாதம் புண்ணாகிவிட்டது. இப்போது தொழிலுக்கு வரும் கால்நடை மருத்துவர்களுக்கு அந்தத் தவறு நேரக்கூடாது.

முதலில் நாள் கணக்கு. நரம்பு அறுந்த தசை உடனே காட்டிக்கொடுக்காது. நாயில் 5 முதல் 7 நாள் ஆகும். நான் 10 நாள் விடுவேன். அதுவரை விரலைக் கிள்ளி ஆழ்ந்த வலி தெரிகிறதா என்று பாருங்கள், கண்ணைப் பாருங்கள். அடிபட்ட பக்கத்துக் கண்மணி சுருங்கியிருந்தால் தண்டுவடத்தை ஒட்டி நரம்பு வேர் பிய்ந்திருக்கலாம்.

சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) பார்க்க ரத்தம் எடுப்பதானால் ஊசி குத்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குத்திய பிறகு அது தானாகவே ஏறும். தசைத் துண்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஈ.எம்.ஜி.யை ஒரு பக்கத்தோடு நிறுத்தி, மறுபக்கத்தை பயாப்ஸிக்கு விட்டுவையுங்கள்.

நாய்க்குப் பொது மயக்கம் வேண்டும்; தசை தளர்த்தும் மருந்து கூடாது. காலைச் சூடாக வைத்திருங்கள். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 1.7 மீட்டர் குறையும். குளிர்ந்த காலை நோயுள்ள கால் என்று எழுதிவிடுவோம். மின் விரிப்பால் முன்கூட்டியே சூடாக்கி, பதிவு தொடங்கும்போது அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீர்ப் பைக்கு மாறுங்கள். டியூப் லைட்டையும் அணையுங்கள். திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வரும்.

ஊசியை வைத்ததும் ஸ்பீக்கரைக் கேளுங்கள். ஊசி நகரும்போது ஒரு சலசலப்பு, நின்றதும் அமைதி: அது நல்ல தசை. ஊசி நின்ற பிறகும் கடுகு பொரிவதுபோல் தொடர்ந்தால் ஃபிப்ரிலேஷன். மந்தமாக 'தொப் தொப்' என்றால் பாசிட்டிவ் ஷார்ப் வேவ். இரண்டும் தசை இழைகள் தாமாகவே துடிப்பதன் சத்தம். பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுவதுபோல் ஏறி இறங்கினால் மயோடோனியா, அதாவது சுருங்கிய தசை உடனே தளராத கோளாறு. ஒவ்வொரு தசையிலும் நாலைந்து இடம் பாருங்கள். கழுத்தை ஒட்டிய முதுகுத் தசைகளை விட்டுவிடாதீர்கள். அங்கும் பொரிந்தால் பாதிப்பு வேரில் என்று கொள்ளலாம்.

அடுத்து நரம்பின் வேகம். முன்னங்காலில் ஓடும் அல்நார் நரம்பை முழங்கையில் ஒரு முறை, மணிக்கட்டில் ஒரு முறை தூண்டி, பாதத்துச் சிறு தசைகளில் பதியுங்கள். தூண்டும் கருவியின் எதிர்மின்முனை (கேத்தோடு) பாதத்தைப் பார்த்திருக்கட்டும். எர்த், தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவே. அலை இதற்கு மேல் வளராது என்ற அளவுக்கு மின்சாரத்தை ஏற்றி, அதற்கு மேல் இன்னும் 20 சதவீதம் கூட்டுங்கள். இரு இடங்களுக்கும் இடையே 150 மில்லிமீட்டர், நேர வித்தியாசம் 2.5 மில்லி வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 60 மீட்டர். வளர்ந்த நாய்க்கு அது சரியான எண். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் வேகம் குறைவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

எனக்கு இன்றும் வியப்பான ஓர் இடம் உண்டு. வேர் பிய்ந்த காலில் நாய்க்கு உணர்வே இருக்காது. ஆனால் உணர்வு நரம்பின் பதிவு சுத்தமாக வரும். அந்த நரம்பின் உயிரணுக்கள் இருக்கும் முடிச்சு, பிய்ந்த இடத்துக்கு வெளியே, காலின் பக்கம் தங்கிவிடுவதால் இழை அழியாது. இயக்கப் பதிவு செத்து, உணர்வுப் பதிவு உயிரோடு இருந்தால் அந்த வேர் திரும்ப ஒட்டும் என்று உரிமையாளருக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

அன்றே பாதத்துக்குத் துணி சுற்றி, நாய் அந்தக் காலைக் கடித்துக்கொள்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.