உள்காது தலைச்சுற்றலுக்கு வீடியோ கேம்: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

இடது காதின் சமநிலை நரம்பு வீங்கி நான்கு நாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் சுற்றல் அடங்கியது, தள்ளாட்டம் அடங்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி சுத்த அறுவை. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும், தினமும் மூன்று வேளை. ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. தம்பி வீட்டுப் பரணில் டி.வி.யில் மாட்டி ஆடும் நின்டெண்டோ வீ கேம் கருவி ஒன்று, ஏறி நின்று ஆடும் அதன் பேலன்ஸ் போர்டு பலகையோடு தூசி படிந்து கிடந்தது. அதை இறக்கி மாட்டினோம்.

பனிக்கட்டி மேல் நிற்கும் பெங்குவினை உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நகர்த்தி மீன் பிடிக்க வைக்கும் ஆட்டம் அது. முதல் நாள் தடுமாறினேன். தம்பி மகள்தான் வழி சொன்னாள்: "தலையை ஆட்டாதீங்க பெரியப்பா, காலை மட்டும் அழுத்துங்க." அப்படியே செய்தேன். மூன்று வாரத்தில் அவள் ஸ்கோரையே தொட்டுவிட்டேன். ஆனால் தெருவில் சட்டென்று இடப்பக்கம் திரும்பினால் கடைப் பலகையின் எழுத்துகள் முன்போலவே அலைந்தன.

தவறு அங்கேதான். பேலன்ஸ் போர்டுக்குள் மூலைக்கு ஒன்றாக நான்கு எடை உணரிகள் இருக்கின்றன. பாதத்தின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பந்தைத் தலையால் முட்டும் ஆட்டம்கூட அதில் உண்டு, அதிலும் தலை அசைகிறதா என்று பலகை பார்ப்பதில்லை. உள்காதுக்கோ தலை அசைவுதான் எல்லாம். தலை இடப்பக்கம் திரும்பும்போது காதின் அரைவட்டக் குழாய்கள் அதை உணர்ந்து, கண்ணை அதே வேகத்தில் வலப்பக்கம் நகர்த்துகின்றன. அதனால்தான் நடந்துகொண்டே பஸ் நம்பரைப் படிக்க முடிகிறது. ஒரு பக்கக் காது பழுதானால் இந்தக் கணக்கு தப்பி, பார்க்கும் காட்சி வழுக்குகிறது. அந்த வழுக்கலைப் பார்த்துத்தான் மூளை கணக்கைத் திருத்திக்கொள்கிறது. தலையைக் கட்டிப்போட்டு விளையாடினால் வழுக்கல் இல்லை, திருத்தமும் இல்லை.

சோபாவில் சாய்ந்து, கண்ணை மட்டும் உருட்டி மொபைலில் ஆடும் கேமுக்கும் இதே கதைதான். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தும் பயிற்சியைப் பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியாகக் கொடுக்கக் கூடாது என்றே அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகளின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. 2022இல் அதைப் புதுப்பித்தபோதும் இதை மாற்றவில்லை. நோய் புதிதென்றால் ஒரு நாளைக்கு மொத்தம் 12 நிமிடமாவது, நாள்பட்டதென்றால் 20 நிமிடமாவது தலையை ஆட்டிச் செய்யும் பயிற்சி வேண்டும் என்பது அதன் அளவு. என் பிசியோதெரபிஸ்ட் கேமை நிறுத்தச் சொல்லவில்லை. பெங்குவின் மேல் கண்ணை வைத்து, 'இல்லை இல்லை' என்பதுபோல் தலையை ஆட்டியபடியே ஆடச் சொன்னார். ஸ்கோர் பாதியாக விழுந்தது. தம்பி மகளுக்கு ஒரே சிரிப்பு.

இதைவிடப் பெரிய தவறு, என்ன நோய் என்று தெரியாமலே கேமை எடுப்பது. படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் உலகமே சுற்றினால், பெரும்பாலும் அது காதுக்குள் கால்சியம் துகள்கள் இடம் மாறியதன் வேலை. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் சாய்த்துத் திருப்பும் எப்லி முறை சில நிமிடங்களில் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எத்தனை பெங்குவின் வந்தாலும் அது நடக்காது. மெனியர் என்னும் உள்காது நோயில் சுற்றல் அலை அலையாக வந்துகொண்டிருக்கும் நாட்களில் பயிற்சியே பலன் தராது. சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், திடீர்க் கடும் தலைவலி என்று ஏதாவது வந்தால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

சரி, நோய் தெரிந்தது, கேமும் ஆடுகிறீர்கள். எவ்வளவு ஆடுவது? சிலர் லேசாகக் கிறுகிறுத்தாலே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் வாந்தி வரும்வரை விடுவதில்லை, நான் இரண்டாவது ரகம். கொஞ்சம் கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும், ஆனால் நிறுத்திய கால் மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். ஒருநாள் முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு மறுநாள் முழுக்கப் படுத்தேன். மூன்று வேளை ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்திருந்தால் இரண்டு நாளும் பயிற்சி நடந்திருக்கும்.

அப்புறம் விழுவது. பலகை இரண்டு அங்குல உயரம்தான், ஆனால் டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஏறினால் அதுவே போதும். கால் தட்டும் லுங்கி, புடவையும் வேண்டாம். அறையின் மூலையில், முதுகுக்குப் பின்னால் இரு சுவர் இருக்குமாறு நின்று, கைக்கு எட்டும் தூரத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் தனியாக ஆட வேண்டாம். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே கரன்ட் போனது. காது பழுதானவன் கண்ணை நம்பித்தான் நிற்கிறான் என்பது அந்த இருட்டில் நாற்காலியைத் துழாவியபோதுதான் எனக்கு உறைத்தது. வி.ஆர். கண்ணாடியிலோ சுற்றியுள்ள அறையே மறைந்துவிடும், அதை உட்கார்ந்துதான் தொடங்க வேண்டும். ஒளி மின்னினால் ஒற்றைத் தலைவலியோ வலிப்போ வருபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கேமையும் தொடவே வேண்டாம்.

தலைச்சுற்றலை அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டே கேம் ஆடுவதும் வீண். முதல் சில நாள் தாண்டியும் அதைத் தொடர்ந்தால் மூளை பழகுவது தாமதமாகும். எப்போது நிறுத்துவது என்று இஎன்டி டாக்டரிடம் கேளுங்கள்.

கேம் வந்தாயிற்று, இனிப் பழைய பயிற்சி எதற்கு என்றும் தோன்றும். ஆனால் ஆட்டம் ஒன்றும் புதிதல்ல: 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் தலைச்சுற்றலுக்கு வகுத்த பயிற்சிகளிலேயே பந்தைக் கண் உயரத்துக்கு மேல் கைமாற்றி எறிவது, குனிந்து நிமிர்ந்து குறி பார்க்கும் ஆட்டங்கள் எல்லாம் உண்டு. 2015இல் வெளியான டப்ளின் ஆய்வு ஒன்றில் 71 பேரை இரண்டாகப் பிரித்து, ஆறு வாரம் ஒரு பாதிக்கு வழக்கமான சமநிலைப் பயிற்சியும் மறுபாதிக்கு இதே வீ பலகையில் ஆடும் வீ ஃபிட் ஆட்டங்களும் கொடுத்தார்கள். நடை வேகத்தில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. கேம் ஆடியவர்களுக்குப் பயிற்சி அதிகம் பிடித்திருந்தது, களைப்பும் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம், சுவரெழுத்தை ஒரு வாரத்தில் விட்டவன் நான்.

இப்போது ஸ்கோரைப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை கடைத்தெருவில் வழக்கமான வேகத்தில் நடந்து, இடம் ஒரு பலகை, வலம் ஒரு பலகை என்று படித்துக்கொண்டே போகிறேன். முதல் மாதம் மூன்றாவது கடையிலேயே கம்பத்தைப் பிடித்தேன். போன வாரம் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டேன், இடப்பக்கச் சின்ன எழுத்துகள் மட்டும் கொஞ்சம் கலங்குகின்றன.