வாசகரிடம் ஒளிக்கும் கதைசொல்லிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் கதை எழுதப் பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வாசிக்கத் தருவார்கள். போன மாதம் வந்த நாலு கதைகளிலும் கடைசி வரியில்தான் உண்மை வெளியே வந்தது. எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. நானும் இதே கூத்தை ஆடியவன். எழுத்துப்பிழை, எல்லாம் கனவு என்று முடிப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

‘அது’ என்று ஏய்ப்பது

மீள்குடியேறிய பிறகு ஒரு கதை எழுதினேன். இடம்பெயரும்போது வளவில் புதைத்ததைத் தேடி ஒருவன் மண்ணைக் கொத்துகிறான். ‘நான்’ என்று அவனே சொல்கிறான். ‘அது இங்கேதான் இருந்தது’, ‘அதை அவள் துடைத்து வைப்பாள்’ என்று பத்துப் பக்கம் இழுத்தேன். கடைசியில் பார்த்தால் மனைவியின் தையல் மெசின்.

பக்கத்து வீட்டு அம்மா வாசித்துவிட்டு, “தம்பி, அவனுக்கு முதலே தெரியும்தானே? பிறகேன் எனக்கு மட்டும் சொல்லேல்ல?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு ஒளிக்க ஒரு காரணமும் கிடையாது, ஒளித்தது நான். தையல் மெசினை மனதுக்குள் ‘அது’ என்று யார் நினைப்பார்?

இதைவிடப் பெரிய நட்டம் ஒன்று. நகையா, துவக்கா, பிணமா என்று ஊகிப்பதிலேயே வாசகர் நின்றுவிட்டார். மனைவி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கதையே அதுதான்!

திருத்தி எழுதியபோது மெசினை முதல் வரியிலேயே வைத்தேன். மனைவியைப் பற்றிக் கேட்டால் அவன் கிணற்றைப் பற்றிப் பேசுவான். காணாமல்போன பிள்ளையை விசாரித்தால் மாடு, மழை, இரணைமடுக் குளத்துத் தண்ணி என்று எங்கள் ஆட்கள் பேச்சைத் திருப்புவார்களே, அப்படி. அவன் எதையோ விழுங்குகிறான் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தடயமே வைக்காதது

அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை 1926இல் வந்தது. கதை சொல்லும் டொக்டர்தான் கொலைகாரர். (இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்.) அவர் பொய் சொல்வதில்லை, இரவு 8.40க்கும் 8.50க்கும் இடையே கொலை நடந்த பத்து நிமிடத்தை மெதுவாகத் தாண்டிப் போகிறார். திரும்பிப் புரட்டினால் ஓட்டை அங்கேயே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் கதைகளைத் திரும்பிப் புரட்டினால் ஒன்றும் இல்லை.

செத்தவர் கதை சொல்வது

ஒருதடவை எழுதிப் பாருங்கள். அவ்வளவுதான், இரண்டாம் தடவை வேண்டாம்.

‘நான்’ பெண் என்பதை மறைப்பது

‘வந்தேன்’ என்றால் ஆணா பெண்ணா தெரியாது, சரி. ஆனால் ஒரு கதையில் முல்லைத்தீவுச் சந்தையைச் சுற்றி வந்தும் கதைசொல்லும் அவளை ஒருவர்கூட ‘அக்கா’ என்று கூப்பிடவில்லையாம்.